மலைப் பள்ளிகளில் இனப்படுகொலை வரலாறு: அனுபவவழிக் கற்றலுக்கான முழு வழிகாட்டி

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற வரி வருகிறது. மாணவர் அதை அடிக்கோடிட்டு, மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். இந்த நெருடலால்தான் பல ஆசிரியர்கள் நாடகம், களப்பயணம், காட்சி என்று அனுபவவழிக் கற்றலின் பக்கம் திரும்புகிறார்கள். திரும்புவது சரியே. ஆனால் எந்த அனுபவத்தை மாணவருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலனும் கேடும் அமைகின்றன. பாதிக்கப்பட்டவராக நடிக்கவைக்கும் அனுபவம் பெரும்பாலும் கெடுதல் செய்கிறது. ஆவணங்களைக் கையில் எடுத்து ஆராயவைக்கும் அனுபவம் நெடுநாள் தங்குகிறது. நீலகிரியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து, இந்த இரண்டாவது வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். அதற்கும் கீழ் வகுப்புகளில் இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

மாணவருக்குள் என்ன நடக்கிறது

முதலில் தெரிவது பெரும்பாலும் சிரிப்பு. கொடிய படம் ஒன்றைப் பார்த்ததும் பின்வரிசையில் இருவர் சிரிப்பார்கள். அதை அவமதிப்பு என்று எண்ணி ஆசிரியர் கோபப்பட்டால் வகுப்பு அங்கேயே மூடிக்கொள்ளும். பதினைந்து வயதில் தாங்க முடியாத ஒன்றைக் கடக்க உடல் கண்டுபிடிக்கும் வழிகளில் சிரிப்பும் ஒன்று. அதைக் கண்டிக்காமல் சற்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால் போதும்.

இரண்டாவது, அழாதவர்களின் குற்ற உணர்வு. பக்கத்தில் இருப்பவர் கண் கலங்கும்போது தனக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று சில பிள்ளைகள் தம்மையே சந்தேகிப்பார்கள். உணர்ச்சிதான் கற்றலின் அடையாளம் என்று நாம் காட்டிக்கொண்டால் அவர்கள் நடிக்கத் தொடங்குவார்கள். மூன்றாவது, மரத்துப்போதல். சடலங்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது மூன்றாவது படத்துக்குள் மனம் கதவைச் சாத்திவிடுகிறது. எண்ணிக்கை பெருகப் பெருக இரக்கம் பெருகுவதில்லை.

நான்காவதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். கோபம் பொங்கும்போது அது எங்கேயாவது போய் இறங்க இடம் தேடும். செய்தவர் யார், எந்த அலுவலகம், எந்தச் சட்டம் என்ற விவரம் இல்லாத இடத்தில் அந்தக் கோபம் ஒரு மொத்த இனத்தின்மேல் விழும்: ஜெர்மானியர், சிங்களவர், ருவாண்டாவின் ஹூட்டுக்கள் என்று. வெறுப்பின் விளைவைக் கற்பிக்கப்போய் புதிய வெறுப்பு ஒன்றை விதைத்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இதைத் தடுப்பதற்காகவே அமைந்தவை.

படி 1: ஆசிரியரின் ஆயத்தம்

ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 9 அன்று ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவைத் தமிழில் எளிமையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேசிய, இன, மரபின அல்லது சமயக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் ஐந்து செயல்களை அது வரையறுக்கிறது: குழுவின் உறுப்பினர்களைக் கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு விளைவித்தல், அழிவுக்கு இட்டுச் செல்லும் வாழ்நிலைகளைத் திணித்தல், பிறப்புகளைத் தடுத்தல், குழந்தைகளை வலிந்து வேறு குழுவுக்கு மாற்றுதல். நோக்கம் என்ற சொல்லைச் சட்டம் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதை நீங்கள் உணர்ந்திருந்தால் பின்னால் வரும் கடினமான கேள்விகளுக்குத் தடுமாற மாட்டீர்கள். இந்தியா இவ்வுடன்படிக்கையை 1959இல் ஏற்புறுதி செய்தது.

இன்னொரு ஆயத்தமும் தமிழ்நாட்டில் தேவைப்படுகிறது. ஹிட்லரின் பெயரில் உலவும் தன்னம்பிக்கை வாசகங்கள் நம் மாணவர்களின் கைப்பேசிகளில் ஏராளம். அவற்றில் பல அவர் சொன்னவையே அல்ல. "சார், அவரு தப்பானவரா இருந்தாலும் தைரியசாலிதானே" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். நேதாஜி 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்ததை இன்னொருவர் நினைவூட்டுவார். சந்தித்தது உண்மை என்று ஒப்புக்கொண்டு, அந்த மே மாதத்தில் நாஜிகள் பிடித்துவைத்திருந்த போலந்தின் கொலை முகாம்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் அருகில் வைத்துப் பேசுங்கள். மழுப்பினால் நம்பிக்கை போய்விடும்.

படி 2: வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

சமவெளிப் பள்ளியில் இந்தப் பாடம் எங்கோ நடந்த கதையாக இருக்கலாம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பள்ளிகளில் அப்படி இல்லை. இலங்கையில் 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. அப்படிக் கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. அவையே இன்றைய டான்டீ. அந்த லயங்களில் பிறந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். இலங்கையில் 1977, 1983 ஆண்டுகளில் தமிழர்மேல் நடந்த வன்முறையை நேரில் கண்ட பாட்டி ஒருவர் அவர்களில் யாருடைய வீட்டிலாவது இருக்கக்கூடும்.

அதேபோல் பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். சிலர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து வந்தவர்கள். கனடாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதையும், 2015இல் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று பெயரிட்டதையும் சொல்லும்போது, இந்தப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவும் கூடாது. ஒப்பிட்டுக் கேட்கும் உரிமையை மறுக்கவும் கூடாது. வீட்டை விட்டு வந்தது யார் முடிவு, தாய்மொழி பேசினால் தண்டனை இருந்ததா, விடுமுறைக்கு வீட்டுக்குப் போக முடிந்ததா என்ற கேள்விகளை அவர்களிடமே கொடுத்துவிட்டால் வேறுபாட்டையும் ஒற்றுமையையும் அவர்களே துல்லியமாகப் பிரித்துச் சொல்வார்கள்.

பாடம் தொடங்கும் முன் வகுப்பாசிரியரிடம் பேசி, அண்மையில் வீட்டில் சாவு நடந்த பிள்ளைகள், வன்முறையைக் கண்ட பிள்ளைகள் யார் என்று அறிந்துகொள்ளுங்கள். எந்த நேரத்திலும் எழுந்து வெளியே போகலாம், காரணம் கேட்கப்படாது என்பதை எல்லோருக்கும் பொதுவாக அறிவியுங்கள். குறிப்பிட்ட பிள்ளையைத் தனியே அழைத்து "உனக்கு மட்டும்" என்று சொன்னால் அது வேறொரு சுமையாகிவிடும்.

படி 3: நாளும் நேரமும்

ஐ.நா. அறிவித்த யூத இனப்படுகொலை நினைவு நாள் ஜனவரி 27. 1945இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாம் விடுவிக்கப்பட்ட நாள் அது. குடியரசு நாளுக்கு மறுநாள் வருவதால் நம் பள்ளி ஆண்டுக்குப் பொருந்துகிறது. ருவாண்டா இனப்படுகொலை நினைவு நாளான ஏப்ரல் 7 ஆண்டுத் தேர்வுக் காலத்திலும், முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 கோடை விடுமுறையிலும் விழுகின்றன. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தொடங்கிய பாடம் நடுவில் அறுந்து நின்றால் பாதிப் பாரத்தோடு பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசிப் பாடவேளையில் இதை நடத்தவே கூடாது. எஸ்டேட் பஸ்ஸைப் பிடித்து இறங்கி, மூடுபனியில் தேயிலைக்கு நடுவே தனியாக நடந்து வீடு சேரும் பிள்ளைக்கு, அன்று கேட்டதைப் பேசித் தீர்க்க வழியில் ஆள் கிடையாது. காலை முதல் இரண்டு பாடவேளைகளை எடுத்துக்கொண்டு, மதிய உணவுக்கு முன் முடித்துவிட்டு, பிற்பகலில் விளையாட்டோ ஓவியமோ அமையும்படி தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் இணையம் நம்பத்தக்கதல்ல. எல்லாவற்றையும் அச்சில் எடுத்துவையுங்கள்.

படி 4: நடிக்கவைக்காதீர்கள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, ஜேன் எலியட் என்ற ஆசிரியை தம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பிரித்தார். சில மணி நேரத்துக்குள் குழந்தைகள் ஒருவரையொருவர் இழிவுபடுத்தத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் ரான் ஜோன்ஸ் என்ற ஆசிரியர் வகுப்பில் பாசிச இயக்கம் போன்ற ஒன்றைத் தொடங்கி, அது கைமீறும் நிலைக்குப் போனதால் ஐந்தாம் நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த இரண்டையும் கேட்டதும் நாமும் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மனிதர் எவ்வளவு எளிதில் கொடுமைக்கு இணங்குவர் என்பதை அவை காட்டின. ஆனால் அதைக் காட்ட உண்மையான குழந்தைகள் உண்மையான அவமானத்தைச் சுமந்தார்கள். சாதியின் பெயரால் அதை ஏற்கெனவே அறிந்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கும்போது, செயற்கையாக ஒன்றை உருவாக்கவேண்டிய தேவை என்ன?

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும் ஆசிரியர்களுக்கான தன் வழிகாட்டுதலில் பாவனைச் செயல்பாடுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. வகுப்பை இருட்டாக்கி நெருக்கி உட்காரவைத்தால் ரயில் பெட்டியின் அனுபவம் வந்துவிடாது. மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்கப்போகும் மாணவர், அந்த அனுபவம் தனக்குப் புரிந்துவிட்டது என்று பொய்யாக நம்புவார். நம் ஊர் ஆண்டு விழா மௌன நாடகத்தையும் இதில் சேர்க்கிறேன். கோடு போட்ட சட்டை, ஒட்டு மீசை, பின்னணியில் சோக இசை, முடிவில் கைதட்டல். கைதட்டலில் முடியும் எதையும் இந்தப் பாடத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

படி 5: காகிதங்களின் வரிசை

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இதற்கு இரண்டு பாடவேளைகள் முழுமையாகத் தேவை. கொலை ஆயுதத்தில் தொடங்குவதில்லை, பெரும்பாலும் படிவத்தில் தொடங்குகிறது என்பதை மாணவர் தாமே கண்டடைய வேண்டும்.

ஆவணங்களின் படங்களையும் எளிய தமிழ்ச் சுருக்கங்களையும் தனித்தனித் தாள்களில் அச்சிடுங்கள். ஆண்டை மட்டும் மறைத்துவிடுங்கள். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்கள் ஒரு தாள். யூத ஆண்கள் தம் பெயருடன் இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற 1938 ஆகஸ்டு ஆணை ஒரு தாள். கடவுச்சீட்டில் யூதர் என்பதைக் குறிக்கும் சிவப்பு ஜே எழுத்து குத்தப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில். மஞ்சள் நட்சத்திரம் அணியக் கட்டாயப்படுத்தியது 1941 செப்டம்பர். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சிப் பகுதியில் கூடிய அதிகாரிகள் கையில் இருந்த பட்டியல், நாடு வாரியாக யூதர்களின் எண்ணிக்கையைக் கூட்டி 1.1 கோடி என்று முடிகிறது. இவற்றோடு, பெல்ஜிய ஆட்சி 1930களில் ருவாண்டாவில் புகுத்திய, ஹூட்டு, டுட்ஸி, துவா என்று இனம் குறித்த அடையாள அட்டை. 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் ஒருவர் உயிரோடு போவதா என்பதை அந்த அட்டையே முடிவு செய்தது. கடைசியாக, எதிர்த்திசையில் ஒரு காகிதம்: 1940இல் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா, தம் அரசின் அறிவுறுத்தலை மீறி யூத அகதிகளுக்கு ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்த இடைவழி விசா.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு தாள் கொடுத்து நான்கு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இதை எழுதியது யார்? இதை நடைமுறைப்படுத்த எந்தெந்த ஊழியர் தேவைப்பட்டிருப்பார்? நேற்றுவரை செய்ய முடிந்த எதை இந்தத் தாளுக்குரியவர் நாளைக் காலை செய்ய முடியாது? எந்த இடத்தில் ஒருவர் மறுத்திருக்க முடியும்? இருபது நிமிடங்கள் கழித்து ஒரு கயிற்றில் தாள்களைக் கால வரிசைப்படி கிளிப்பால் மாட்டச் சொல்லுங்கள். வரிசையைப் பற்றி அவர்களுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம், தலையிட அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது கேள்வியில் அச்சகத் தொழிலாளி, பதிவாளர், ரயில்வே ஊழியர், பள்ளித் தலைமையாசிரியர் என்று பட்டியல் நீளும்போது வகுப்பின் முகம் மாறும். எல்லாவற்றுக்கும் ஹிட்லர் ஒருவரே காரணம் என்ற எண்ணம் அங்கே உடைகிறது. கூடவே, "நம்மகிட்டயும் சாதிச் சான்றிதழ் இருக்கே" என்று யாராவது கேட்பார். கூடலூர்ப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போவதே பெரிய துன்பம் என்பதையும் வகுப்பில் ஒருவர் சொல்லக்கூடும். அந்தக் கணத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே வகைக் காகிதம் உரிமை தரவும் உரிமை பறிக்கவும் பயன்படுகிறது. அதைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், மேல்முறையீடு உண்டா என்பவற்றால்தான் வேறுபாடு வருகிறது.

இதற்குப் பின்னரே உள்ளூர்க் காகிதங்களைக் கொண்டுவரலாம். தாயகம் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் அந்நாளைய கடவுச்சீட்டும், மண்டபம் முகாமின் குடும்ப அட்டையும் இன்னும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. கொண்டுவரும்படி கட்டாயப்படுத்தாதீர்கள், தாமாக விரும்பிக் காட்டினால், மூலத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். குடியுரிமை பறிப்பு இனப்படுகொலை ஆகாது; எல்லாக் குடியுரிமைப் பறிப்பும் அங்கே போய் முடிவதும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, 1983 ஜூலையில் கொழும்பில் கலகக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள் என்று பரவலாகப் பதிவாகியுள்ள சாட்சியங்களையும் அதே கயிற்றில் மாட்டலாம்.

படி 6: எண்ணிலிருந்து ஒரு முகத்துக்கு

2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் கொல்லப்பட்டோர் சுமார் 8 லட்சம் என்று பரவலாக மதிப்பிடப்படுகிறது. இந்த ஒப்பீட்டை ஒருமுறை சொல்லலாம். அதற்குமேல் எண்ணுக்கு வலு இல்லை. உடனே ஒரு தனி வாழ்க்கைக்குப் போய்விடுங்கள்: 1929இல் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து, 15 வயதில் பெர்கன்–பெல்சன் முகாமில் இறந்த ஆன் ஃபிராங்க் உங்கள் பத்தாம் வகுப்பு மாணவியின் வயதுக்காரர். இறந்த உடலின் படத்தை ஒருபோதும் காட்டாதீர்கள். இறப்பதற்கு முந்தைய பிறந்தநாள், சைக்கிள், பள்ளிக்கூடக் குழுப் படம் போன்றவையே போதும்.

படி 7: நேரில் கண்டவரை அழைத்தல், இடத்தைப் பார்த்தல்

பெரியவர் ஒருவர் பேச ஒப்புக்கொண்டால், அவர் வீட்டுக்குக் கூட்டமாகப் போகாமல் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். உடன் அவர் குடும்பத்தார் ஒருவர் இருக்கட்டும். கேள்விகளை முன்பே அவரிடம் காட்டிவிட வேண்டும். "பாட்டி, கப்பல்ல என்ன எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்ற கேள்வி, "யாரையாவது கொல்றதப் பார்த்தீங்களா?" என்பதைவிட நூறு மடங்கு அதிகம் பெற்றுத் தரும். இரண்டாவதைக் கேட்கவே கூடாது. அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அனுமதியின்றிக் கைப்பேசியில் பதிவு செய்யக் கூடாது.

ருவாண்டாவின் கிகாலிக்கோ ஆஷ்விட்ஸுக்கோ நம்மால் போக முடியாது. இடத்தைப் படிக்கும் பயிற்சிக்கு வேண்டுமானால் நடுவட்டம் போதும். சிங்கோனாத் தோட்ட வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட சீனக் கைதிகளை 19ஆம் நூற்றாண்டில் அடைத்துவைத்த சிறை அங்கே இருக்கிறது. இனப்படுகொலையோடு அதற்குத் தொடர்பு இல்லை. ஒரு கட்டடம் எதைச் சொல்கிறது, பலகை எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கவனிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கம்பிக்குப் பின்னால் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படி 8: முள்ளிவாய்க்கால் பற்றிய கேள்வி

கேள்வி வரும், தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. இலங்கையில் 2009 போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பேர் வரை குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலரின் வல்லுநர் குழு 2011இல் கூறியது. இலங்கையின் வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் நடந்தவற்றை இனப்படுகொலை என்று தீர்மானம் நிறைவேற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022 மே மாதம் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இதை மறுக்கிறது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் நடந்ததைப் பன்னாட்டு நீதிமன்றம் 2007இல் இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது போல ஒரு தீர்ப்பு இங்கே வரவில்லை. இந்த ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, இரண்டாம் பிரிவை எதிரே வைத்து, எதை நிறுவ என்ன சான்று வேண்டும் என்று மாணவர்களே எழுதட்டும். உங்கள் கருத்தைக் கேட்டால், அவர்கள் எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் பகிரப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியையும் இங்கே குறிப்பிடலாம். அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த அந்தக் கஞ்சி, உயிர்பிழைத்த மக்கள் தாமே தெரிந்தெடுத்த நினைவு வடிவம். அதைக் குடிப்பவர் எவரும் முற்றுகைக்குள் இருந்ததாகப் பாவனை செய்வதில்லை. ஆனாலும் அதை வகுப்பறைச் செயல்பாடாக மாற்ற வேண்டாம். அது அம்மக்களுக்கு உரியது.

படி 9: வெளியே கொண்டுவருதலும் அளவிடுதலும்

எருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷெம் மாணவரைப் பாதுகாப்பாக உள்ளே அழைத்துச் சென்று பாதுகாப்பாக வெளியே கொண்டுவர வேண்டும் என்று கற்பிக்கிறது. வெளியே வருவதற்குப் பதினைந்து நிமிடங்களை ஒதுக்குங்கள். விளக்கவுரை வேண்டாம், தாளில் ஒரு கேள்வியை மட்டும் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பை அந்தக் கேள்விகளில் இருந்தே தொடங்கலாம். தூக்கம் கெட்டது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரங்களுக்குப் பிறகும் பிள்ளை சொன்னால் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். மனநல உதவி எண்ணான டெலி–மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை வகுப்பில் எழுதிவையுங்கள்.

மதிப்பெண் கொடுக்காதீர்கள். பாடத்துக்கு முன் ஒரு பக்கமும், மூன்று மாதம் கழித்து ஒரு பக்கமும் "இது எப்படி நடந்தது?" என்ற ஒரே தலைப்பில் எழுதச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முதல் தாளில் "கொல்லப்பட்டார்கள்", "நடந்தது" என்று செய்தவர் இல்லாத வாக்கியங்களே இருக்கும். இரண்டாவதில் யார் கையெழுத்திட்டார், யார் பட்டியல் எடுத்தார், யார் மறுத்தார் என்ற பெயர்களும் பதவிகளும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முழு இனத்தின் பெயர் செய்தவராக எழுதப்பட்டிருந்தால், அந்த மாணவருக்கு ஐந்தாம் படியை மீண்டும் செய்ய வேண்டும். இம்முறை சுகிஹாராவின் தாளை முதலில் கொடுங்கள்.